முகப்புத் திரையில் அந்தோனியார்

ஆப் என்றால் வீடு. விட்ஜெட் என்றால் அந்த வீட்டின் யன்னல். வீட்டுக்குள் போய் ஏதாவது செய்ய வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். யன்னல் என்றால் தெருவில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். கைத்தொலைபேசியின் முகப்பில் மணிக்கூடும் வெயில் மழையும் தெரிகின்றனவே, அவையெல்லாம் யன்னல்கள். பார்க்க மட்டும்.

இந்த உவமையைக் கண்டுபிடித்தவள் நான். தெல்லிப்பழைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். முதன்முதலாக இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். ஒருத்தி கையை உயர்த்தினாள். மணி அடித்துவிட்டது, போகலாமா என்று கேட்டாள்.

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துக்குள் போய் அதன் மறுபக்கத்தால் வெளியே வந்த முதலாள் நான்தான். அப்பா எழுதப் பழகிய கையோடு கடலுக்குப் போனவர். அம்மாவின் பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறியதோடு அம்மாவின் படிப்பு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போனாள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்துத் தகரத்தில் அடைக்கிற இடம். அந்தச் சம்பளத்தில்தான் என் பல்கலைக்கழக பஸ் ஓடியது. குருநகரில் எங்கள் வீட்டு முன்சுவரில் அந்தோனியாருக்கும் திருக்குடும்பத்துக்கும் நடுவில் என் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. அதை அங்கே மாட்டியது அம்மா என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். ஆணி அடித்தது நான்.

அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை மயிலிட்டித் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிறவர். அப்பாவின் எஞ்சின் பழுதானபோது இரண்டு நாள் வந்து வேலை செய்தார். அந்த இரண்டு நாளும் அக்கா லீவு போட்டாள். அதற்கு முன் பேசி வந்த சம்பந்தங்கள் எல்லாம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவை. ஒரு வீட்டார் வயது கூட என்றார்கள். இன்னொரு வீட்டார் நண்டு மணக்குது என்றார்கள். அப்போதெல்லாம் அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். இந்த முறை மட்டும், “நல்ல மனுசன்” என்றாள். அக்காவின் வாயில் அது ஒரு நீண்ட பேச்சு.

மாப்பிள்ளையின் தாய் பெண் பார்க்க வந்தார். கணவரை இழந்தவர். நாற்காலியின் முதுகில் சாயாமல் நிமிர்ந்தே இருந்தார். சிரிக்கவேயில்லை. அம்மா கேக்கை நீட்டி, மூத்தவள் சுட்டது என்றாள். கேக் பேக்கரியில் வாங்கியது. பெட்டியை நான்தான் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கொண்டுபோய் ஒளித்தேன். அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். போகும்போது, தான் அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்த்தி பிடிப்பதாகவும் அது முடிந்த பிறகு வந்து பதில் சொல்வதாகவும் சொன்னார். பதில் வரும்வரை பெண்வீட்டார் தொலைபேசி எடுத்து நெருக்கக் கூடாது. அது எங்களுக்குத் தெரியும். அவர் அழைப்பு எடுத்தால் மட்டும் ஒரு தடவைகூடத் தவறாமல் தூக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் கல்வி களத்தில் இறங்கியது.

அம்மாவுக்கு அக்கா ஒரு புதுத் தொலைபேசி வாங்கிக் கொடுத்திருந்தாள். அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை யாரும் தராமலே நான் எடுத்துக்கொண்டேன். பெயர்களை வாசித்துத் தேட அம்மா கஷ்டப்படுவாள் என்று முகப்புத் திரையில் பெரிய பெரிய கட்டங்களாக முகங்களை வைத்தேன். அப்பாவின் முகத்தைத் தொட்டால் அப்பாவுக்கு அழைப்புப் போகும். அக்காவின் முகத்துக்கு அக்கா. எனக்கு நான். என் படம் மட்டும் பட்டமளிப்பு உடுப்போடு இருந்தது.

அம்மா என்னிடம் இரண்டு விஷயம் கேட்டிருந்தாள். ஒன்று, மாப்பிள்ளையின் தாய் எடுத்தால் உடனே தெரிய வேண்டும். மற்றது, அந்தோனியாரை ஒருக்கால் இதுக்குள் வை. இரண்டையும் செய்தேன். மாப்பிள்ளையின் தாய்க்கும் ஒரு கட்டம் வைத்தேன். அவருடைய முகப்படம் என்னிடம் இல்லை. அவர் தன் வாட்ஸ்அப்பில் என்ன படம் வைத்திருந்தாரோ அதையே எடுத்துப் போட்டேன். அவர் வைத்திருந்தது குழந்தை யேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார் படம். பெயரைத் தமிழில் அடிக்க நேரமாகும் என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். அம்மா கேட்ட அந்தோனியாரை இன்னும் வடிவான படமாகத் தேடி, பெரிதாக, இரண்டாம் திரையில் வைத்தேன். விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் வருவார். அம்மா ஒருநாளும் தள்ளவில்லை. இரண்டாம் திரை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அதைச் சொல்ல மறந்தேன். ஆனால் விளக்கவுரையை மறக்கவில்லை.

அம்மா வெயில் மழை காட்டும் கட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

“உதைத் தொட்டா என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காது. உது விட்ஜெட். பாக்க மட்டும்.”

“அப்ப உந்த முகங்கள்?”

“அது கதைக்க. எங்கடை மூண்டு பேற்றை முகத்தையும் தொட்டா அழைப்புப் போகும். மற்றதெல்லாம் சும்மா யன்னல் மாதிரி. நீங்கள் எவ்வளவு தொட்டாலும் பிழை வராது.”

மற்றதெல்லாம் என்றேன். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். என் மாணவர்களில் நான் சொன்னதை ஒரு சொல் தப்பாமல் நம்பியது அவள் மட்டும்தான். உண்மையில், அந்த முகங்களையே நான் விட்ஜெட் பட்டியலிலிருந்துதான் இழுத்துப் போட்டிருந்தேன். அழைப்பு எடுக்கிற விட்ஜெட் அது. என் வரைவிலக்கணம் என் கையாலேயே அங்கே உடைந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போய்த்தான் பஸ் ஏறினேன்.

பதில் சொல்ல மாப்பிள்ளையின் தாய் வரும் நாளுக்குள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். சுவரில் தொங்கிய எல்லாவற்றையும் கழற்றி, பழைய சீலையில் சுற்றி, இரண்டு ஒழுங்கை தள்ளி மாமி வீட்டில் வைத்தார்கள். என் படத்தின் கண்ணாடி பத்திரமா என்று நான் கேட்டேன். அந்தோனியார் பத்திரமா என்று யாரும் கேட்கவில்லை.

எனவே ஏழு மணிச் செபத்துக்கு அம்மாவுக்குச் சொரூபமும் இல்லை, படமும் இல்லை. தொலைபேசியை மாவு போட்டு வைக்கும் தகரப் பேணியில் சாய்த்து வைத்து, பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தினாள். அந்த நேரம் வீட்டில் வேறு யாரும் இருப்பதில்லை. அப்பா கடலில். அக்காவைக் கொம்பனி வான் எட்டு மணிக்குத்தான் கொண்டுவந்து விடும். நான் மாலை வகுப்பு முடித்து பஸ் மாறி வர அதைவிடப் பிந்தும்.

எங்களவர்கள் அந்தோனியார் போன்ற அர்ச்சிஷ்டரின் படத்தைக் கண்டால் சும்மா நின்று கும்பிடுவதில்லை. விரலால் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அம்மாவும் தொட்டாள்.

“அந்தோனியார் நல்ல வடிவு பிள்ளை” என்று அன்று இரவு எனக்குச் சொன்னாள். “தொட்டுக் கும்பிட்ட உடனை திரை முழுக்கப் பெரிசாகிறார். கீழை சிவப்பு விளக்கும் எரியுது, கோயில்லை எரியிற மாதிரி. முடிஞ்சோண்ணை அந்த விளக்கையும் தொட்டுக் கும்பிடுறன். சின்னனாப் போயிடுறார்.”

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிர்த்தவில்லை. “ஓம் அம்மா, படத்தைத் தொட்டாப் பெரிசாகும்” என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அம்மா தானாகவே பழகிவிட்டாள் என்று அடுத்த நாள் ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன். சரியான முறையில் சொல்லிக்கொடுத்தால் யாரும் படிப்பார்கள் என்றும் சொன்னேன். அதை இரண்டு பேர் தேத்தண்ணி குடித்தபடி கேட்டார்கள்.

பிறகு தொலைபேசியில் காசு சீக்கிரம் முடியத் தொடங்கியது. அம்மா யாரோடும் கதைப்பதில்லையே என்று யோசித்தேன். யோசித்து, ஆப்கள் பின்னால் இருந்து தின்கின்றன என்று முடிவெடுத்தேன். வீடு என்றால் செலவு இருக்கும். யன்னலுக்கு என்ன செலவு? ஒவ்வொரு ஆப்பாக அழித்தேன். அம்மா பாட்டுக் கேட்கிற ஆப்பும் போயிற்று. காசு அப்போதும் முடிந்தது. எடுத்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்க்க ஒரு நொடி போதும். எடுக்காத அழைப்புக்குப் பட்டியல் எதற்கு என்று நான் திறக்கவில்லை.

அடுத்து அம்மா குரலைத் தாழ்த்தி ஒரு செய்தி சொன்னாள். அந்தோனியார் பதில் சொல்கிறாராம்.

செபமாலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது தேவரகசியம் என்று ஐந்து பகுதியாக, இரண்டு பக்கமாகச் சொல்லும் செபம். ஒருவர் முதற்பாதியைச் சொன்னால் மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். தனியே இருப்பவர் இரண்டையும் தானே சொல்ல வேண்டும். அம்மா முதற்பாதியைச் சொல்லி மூச்சு விடும்போது, மறுபாதி மெல்லிய குரலில் பேணிப் பக்கமிருந்து வருகிறதாம். முதலில் தன் காது என்றுதான் நினைத்தாளாம். இப்போது சில நாளாக அவள் முதற்பாதியை மட்டுமே சொல்கிறாளாம்.

அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து, “என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. இந்தக் காலத்துத் தொலைபேசிகளில் நாம் கதைப்பதைக் கேட்டுப் பதில் சொல்லும் உதவிக்குரல் ஒன்று உண்டு, அது செபத்தைக் கேட்டுத் தேடிச் சொல்கிறது என்று விளக்கினேன். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்தினேன். “இனிமேல் பதில் வராது” என்று அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். அம்மாவின் முகம் வாடிப்போனது. அடுத்த நாள் இரவு நான் செருப்பைக் கழற்றும் முன்னமே வாசலுக்கு வந்து, இன்றைக்கும் சொன்னவர் என்றாள். அதற்குப் பிறகு நான் அம்மாவின் காதைச் சந்தேகித்தேன். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாள்கூடப் பார்த்தேன். தொலைபேசியை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. அதை ஒழுங்குபடுத்தியது நானல்லவா.

ஒரு செவ்வாய் மாலை வகுப்பு இல்லை. ஏழு மணிக்கே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அம்மா முழந்தாளில் நின்று அந்தோனியாரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். செபமாலைக்கு முன்னால் அவள் மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டுவது வழக்கம். கேக் விஷயத்தில் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். மூத்தவளுக்கு நண்டுக் கறி வைக்கத் தெரியாது, நாள் முழுக்க நண்டோடு நிற்பவளுக்கு அந்த மணமே ஆகாது, இது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் என்றாள். மயிலிட்டி மனுசியின் முகத்தைப் பார்த்தால் பயமாகக் கிடக்கு, அவவின்ரை மனதை இளக்கும் என்றாள். பிறகு என் கதைக்கு வந்தாள்.

“சின்னவளுக்குப் படிப்பைக் குடுத்தனீர், நன்றி. ஆனா எங்களை வகுப்புப் பிள்ளையள் மாதிரித்தான் நடத்துறாள். வாய் திறந்தா விளக்கம். உந்தத் தலைக்கனத்தைக் கொஞ்சம் குறைச்சுவிடும். கனக்க வேண்டாம்.”

அர்ச்சிஷ்டர் ஒருவரிடம் என்னைப் பற்றி இப்படி முறைப்பாடு போகிறதே என்று, என் பக்க நியாயத்தைச் சொல்ல உள்ளே ஓரடி வைத்தேன். அதற்குள் செபமாலை தொடங்கிவிட்டது. அம்மா முதற்பாதியைச் சொன்னாள். மாவுப் பேணிப் பக்கமிருந்து மறுபாதி வந்தது. மெல்லிய, ஆனால் தெளிவான குரல். ஒரு பெண்ணின் குரல்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். திரை நிறைய அந்தோனியார். அவருடைய தலைக்கு மேலே நான் அடித்த ஆங்கில எழுத்தில் மாப்பிள்ளையின் தாயின் பெயர். அதன் கீழே நிமிடமும் நொடியும் ஓடிக்கொண்டிருந்தன. அடியில் சிவப்பு விளக்கு. அழைப்பை வெட்டும் பொத்தான்.

என் கை தானாகப் போய் அதை அமத்தியது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். “ஏன் பிள்ளை விளக்கை நூத்தனி?”

நான் வாயைத் திறக்கும் முன் தொலைபேசி மணி அடித்தது. அந்தோனியார் திரை நிறைய எழும்பி ஒளிவிட்டுத் துடித்தார். அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தாள். எடுத்து ஹலோ என்றது நான்தான்.

“ஏன் நிப்பாட்டினனீங்கள்?” என்றார் மாப்பிள்ளையின் தாய். “செபத்தை இடையிலை விடக்கூடாது. அம்மாவைச் சொல்லச் சொல்லும்.”

அன்று மிச்சச் செபமாலையை நான் தொலைபேசியைப் பிடித்தபடி நிற்க, அம்மா நடுங்கி நடுங்கிச் சொல்லி முடித்தாள். தான் யாருக்குச் சொல்கிறோம் என்று அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. அழைப்பு முடிந்ததும் தரையில் இருந்துவிட்டாள். பெண்குரல் என்று உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். அந்தோனியார் மாதாவைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார் என்று நினைத்தாளாம்.

எட்டு மணிக்கு அக்கா வந்தாள். நடந்ததைச் சொன்னோம். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இத்தனை நாளும் என்னென்ன சொன்னீர்கள் என்று. அம்மா விரலை மடக்கி மடக்கி ஞாபகப்படுத்தினாள். கேக், நண்டு, பெயின்ற் இப்போதுதான் அடிக்கிறோம் என்பது, அந்த மனுசியின் முகம். அதோடு நிற்பாள் என்று நினைத்தேன். பிறகு மெல்ல, இந்தப் பெடியன் சரிவராவிட்டால் வேறு ஒருத்தரையும் பேச வேண்டாம் என்று மூத்தவள் கிணற்றடியில் நின்று அழுததையும் சொல்லிவிட்டேன் என்றாள்.

“அதையுமோ” என்றாள் அக்கா.

கிணற்றடிக்குப் போய்த் தேசிக்காய் தேய்த்துக் கை கழுவினாள். நண்டு மணம் போக ஒவ்வொரு நாளும் செய்வதுதான். அன்று கழுவிக்கொண்டே நின்றாள்.

விட்ஜெட் என்னுடையது, எனவே விளக்கமும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் தாய்க்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஆப்புக்கும் விட்ஜெட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் தொடங்கினேன். வீடும் யன்னலும் வந்தன. சில விட்ஜெட்டுகள் யன்னல் போல் தோன்றினாலும் தொட்டால் செயற்படக்கூடியவை என்ற விதிவிலக்கும் வந்தது. நடந்தது ஒரு தொழில்நுட்பத் தவறு என்றும், தாங்கள் கேட்க நேர்ந்தவற்றைக் கேளாதவையாகக் கருதுமாறும் பணிவுடன் முடித்தேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“மன்னிப்புக் கேட்டனியோ, பாடம் எடுத்தனியோ?” என்றார்.

செய்தி வாசிக்கப்பட்டதற்கு இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அடுத்த நாள் ஏழு மணிக்கு அம்மா வெறுஞ்சுவரைப் பார்த்துச் செபம் தொடங்கினாள். தொலைபேசி அடித்தது. அந்தோனியார். அம்மா கையை நீட்டவேயில்லை. மாப்பிள்ளையின் தாய் ஏசத்தான் அழைக்கிறார் என்று பயந்தாள். நானும் எடுக்க வேண்டாம் என்றே சொன்னேன். வாய்ப்பேச்சில் இன்னும் பிழைத்துப் போகும், எழுத்தில் விளக்கியிருக்கிறேன், அதற்கு அவர் எழுத்தில் பதில் தரட்டும் என்றேன். மறுநாளும் அடித்தது, அதற்கு அடுத்த நாளும். அடித்து அடித்து நின்றது. ஒரு தடவைகூடத் தவறாமல் தூக்க வேண்டும் என்பதற்காக வைத்த கட்டம் அது. அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

ஒன்பதாம் செவ்வாய் பின்னேரம், மாப்பிள்ளையின் தாய் சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டோவில் வந்து இறங்கினார். அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அன்று கொம்பனி இல்லை. நான் சுகமில்லை என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். பெயின்ற் மணம் போகவில்லை. படங்கள் இன்னும் மாமி வீட்டில். அவர் முந்தி இருந்த அதே நாற்காலியில், அதே மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

“ஏழு மணிக்கு எடுத்தா ஒருத்தரும் தூக்கிறியள் இல்லை” என்றார்.

அம்மா, தெரியாமல் நடந்துவிட்டது, கண்டதையும் கதைத்துவிட்டேன், மனதில் வைக்காதேங்கோ என்று அழத் தொடங்கினாள். அவர் அவளை முடிக்க விட்டார்.

“முதல் நாளே போனை வைக்கத்தான் பாத்தன்” என்றார். “நீங்கள் அருள் நிறைந்த மரியாயே எண்டு துவங்கிப்போட்டியள். பாதியிலை விட்டிட்டு வைக்க மனம் வரேல்லை. அவர் போனாப்பிறகு என்ரை வீட்டிலை ரண்டு பக்கத்தையும் நான்தான் சொல்லுறனான். மகன் துறையாலை வர நேரமாகும். பழகிப்போச்சு. மற்றக் கதையளைக் கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டனான்.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீர்தானே படிச்ச பிள்ளை? உம்மடை கடிதம் வந்தது. வீடு, யன்னல், கதவு எண்டு கிடந்தது. சீதனமா வீடு கட்டித் தரப்போகினமோ எண்டு மகனிட்டைக் கேட்டன்.”

முற்றத்தில் அப்பாவின் தோள் குலுங்கியது. நான் விட்ஜெட் என்பது என்று தொடங்கினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்தினேன். அந்தோனியாரிடம் அவள் கேட்டது பாதியாவது கிடைத்துவிட்டது என்று அந்த நேரம் தோன்றியது.

அவர் அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்து மர வாங்கில் இருக்கச் சொன்னார்.

“கேக் நீர் சுட்டதோ?”

அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. “இல்லை மாமி. கடையிலை வாங்கினது.”

“நண்டு சமைக்க மாட்டீராம்.”

“ஓம். மணம் பிடிக்காது.”

அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை. என் பட்டத்தில் அதற்கொரு பாடம் இருக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா இப்படி ஒவ்வொரு பதிலாகச் சொல்லச் சொல்ல எல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். ஏதாவது சொல்லி அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். நல்லவேளை, எனக்கு எதுவும் வரவில்லை.

“செபமாலைக்குப் பதில் சொல்லுவீரோ?”

இதற்கு ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“சொல்லுவன். ஆனா வேலையாலை வந்து இருந்தா, மூண்டாம் தேவரகசியத்திலை எனக்கு நித்திரை வந்திடும்.”

வெளியே மீன் வான் ஒன்று கோர்ன் அடித்துப் போனது. அவர் தன் சீலைத் தலைப்பை இழுத்து மடியில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

“அப்ப சாப்பிட முன்னம் சொல்லுவம்” என்றார். “வெறுவயித்திலை நித்திரை வராது.”

நான் காத்திருந்தேன். ஒன்பது செவ்வாயும் முடிந்துவிட்டது, பதிலை எப்போது சொல்லப்போகிறார் என்று அவருடைய வாயையே பார்த்தபடி நின்றேன். அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி அழுதாள். இது வேறு அழுகை. முற்றத்தில் அப்பா வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

“தவக்காலத்துக்கு முன்னமோ, பின்னமோ?” என்று கேட்டார்.

“பின்னம். உயிர்ப்புத் திருநாள் முடியட்டும்” என்றார் அவர்.

அக்கா என் கையைப் பிடித்து எலும்பு நோகும்படி நசுக்கினாள். கலியாணத்துக்கு மாதம் பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.